ஊரெல்லாம் தொங்கும் என் இடது கை

சிரம்பான் பக்கம் ராசாவில் என் படக்கடைக்கு வேலை பழக வந்திருக்கும் பிள்ளைகளே, முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நெகிரி செம்பிலான் மாநிலத்து ரப்பர் எஸ்டேட்டுகளில் என்னளவுக்குக் கும்பிடப்பட்ட மனிதன் உயிரோடு வேறு யாரும் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். மந்தினிலிருந்து சுங்கை காடுட் வரைக்கும் லயத்து வரிசை வீடுகளில், பிறகு அவர்கள் குடிபோன டவுன் பக்கத்துத் தாமான் குடியிருப்பு வீடுகளில், சாமி மாடத்துக்குப் பக்கத்தில் கோட்டுப் போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். கழுத்துக்கு மேலே இருப்பவர் அந்தந்த வீட்டுக்காரர். கழுத்துக்குக் கீழே இருப்பவன் நான்.

இதை இப்போது சொல்லக் காரணம் உண்டு. போன வாரம் நீங்கள் டீ குடித்துக்கொண்டே பேசியதைக் கேட்டேன். ஆளாளுக்குக் குடும்ப வரலாறு தேடுகிறார்கள், பழைய படங்களைக் கொண்டுவந்து ஸ்கேன் பண்ணச் சொல்கிறார்கள், மறுநாளே இணையத்தில் போட்டுவிடுகிறார்கள். அந்தப் படம் யாருக்குச் சொந்தம்? எடுத்தவனுக்கா, எடுக்கச் சொன்னவருக்கா, படத்தில் இருப்பவருக்கா, தேடிப் பிடித்துப் போட்டவருக்கா? ஆளுக்கொன்று சொன்னீர்கள். சட்டத்தை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன். மூன்றாம் வகுப்போடு நின்று மூன்று மாடிக் கடை கட்டியவன், அதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். என்னிடம் இருப்பது நடந்த ஒரு விஷயம்தான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் இதே ராசாவில் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், கடையில் நான் கையாள். எஸ்டேட் ஆட்களோடு பழகிப் பழகி அவருக்குத் தமிழ் வந்துவிட்டிருந்தது. திட்டுவதற்கு மட்டும் மலாய். மெலிந்த மனிதர், இருமிக்கொண்டே இருப்பார், யாரையும் அவசரப்படுத்த மாட்டார்.

அந்தக் காலத்துத் தோட்டத்து ஆளுக்கு ஆயுசில் ஒரே படம்தான் இருக்கும். ஐ.சி.யில், அதாவது அடையாளக் கார்டில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒட்டியிருக்குமே, அதுதான். ஆள் போய்விட்டால் கார்டைச் சர்க்காரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் எங்கள் கடைக்கு ஓடி வருவார்கள். கருமாதிக்கு மாலை போட ஒரு படம் வேண்டுமே. நகம் அளவு முகத்தைப் பெரிதாக்கினால் அது நிலாப் போல் மிதக்கும். தோள் இருக்காது, கை இருக்காது. "என்னாங்க இது, தலை மட்டும் பேய் மாதிரி" என்று பெண்கள் அழுவார்கள். ஆகவே ஓர் உடம்பு வேண்டியிருந்தது.

அந்த உடம்புக்குத் தவுக்கே என்னைப் பிடித்தார். தன் கல்யாணக் கோட்டை எடுத்து எனக்கு மாட்டினார். செதுக்கிய முதுகுள்ள நாற்காலியில் உட்காரவைத்தார். எனக்கு அப்போது தோள் நல்ல அகலம். ஒரு எஸ்டேட் முழுவதற்கும் தாத்தாவாக இருக்கத் தகுந்த தோள். ஒரே ஒரு குறை. சிறு வயதில் ஸ்டோரில் ரப்பர் ஷீட் உருட்டும் மெஷினில் மாட்டி என் இடது சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்துவிட்டது. முழங்காலில் கை வைத்தால் அந்த ஒரு விரல் மட்டும் வேறு யாரையோ பார்த்துக்கொண்டு நிற்கும்.

"வெரல மறைச்சிக்கவா, தவுக்கே?"

"ஏன் மறைக்கணும்? ரப்பர் மரத்துல பால் வெட்டுன ஆளு கை, பூ மாதிரியா இருக்கும்? நல்லா நீட்டி வைலா."

அப்படி எடுத்த ஒரு படத்தின் மேல்தான் பிறகு வருசக்கணக்கில் எத்தனையோ தலைகள் வந்து உட்கார்ந்தன. இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழ் நிற்பேன். தட்டு நீருக்குள் தாள் வெறுமையாகக் கிடக்கும். முதலில் மீசை வரும், அப்புறம் கண்குழி, அப்புறம் என் தோள். முன்பின் தெரியாத ஒருவர் தண்ணீருக்கு அடியிலிருந்து எழுந்து வந்து என் உடம்புக்குள் நுழைந்து உட்காருவார். அந்த நேரம் என் கழுத்து லேசாகக் கனக்கும். நீங்கள் சிரிப்பீர்கள். கம்ப்யூட்டரில் தலையை மாற்றும்போது உங்களுக்கு அது கனக்காது.

படம் கேட்டு வருபவரிடம் நான் எடுத்த எடுப்பில் சைஸ் கேட்பேன். ஒரு நாள் தவுக்கே என்னைத் தனியாக இழுத்தார்.

"நீ மொதல்ல சைஸ் கேக்காத. யாரு பாக்கப் போறாங்கன்னு கேளு. சைஸ் தானா வரும்."

அன்றைக்கு எனக்கு அது அர்த்தமில்லாத பேச்சாகப் பட்டது.

மழைக்காலம் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை இடுப்பில் கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண் வந்தாள். பெயர் அஞ்சலை என்று வைத்துக்கொள்வோம். எந்த எஸ்டேட் என்று தேடாதீர்கள், எல்லாப் பெயரையும் மாற்றித்தான் சொல்கிறேன். அவள் புருசன் வெள்ளத்தில் ஆற்றைக் கடக்கப் போய் அடித்துக்கொண்டு போய்விட்டான். ஆள் கிடைக்கவில்லை. சட்டை மட்டும் ஒரு கிளையில் சிக்கிக் கிடந்தது. பையில் கார்டு இருந்தது. கார்டை வாங்கிப் பார்த்தேன். முகம் இருந்த இடத்தில் பால் கொட்டிவிட்டாற்போல் ஒரே வெள்ளை. ஓரத்தில் ஒரு காது மட்டும் மிச்சம்.

தவுக்கே அதை வெளிச்சத்தில் வெகுநேரம் பிடித்துப் பார்த்தார். "இதுல ஆளு இல்லம்மா. தண்ணி எடுத்துக்கிச்சி."

"வேற படமே கெடயாதுங்க. இவ வளந்து அப்பா எங்கன்னு கேட்டா காதையா காட்டுவேன்?"

"நான் செஞ்சி தரேன்" என்றேன். எனக்குச் செய்யத் தெரியாத வேலை என்று ஒன்று இருப்பதாக நான் அப்போது நம்பவில்லை. இப்போதும் பெரிதாக நம்புவதில்லை. தவுக்கே என்னை முறைத்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி அவருடைய வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"யாரு பாக்கப் போறாங்க?"

"நானும் இவளும். வேற யாரு இருக்கா? இந்த எஸ்டேட்ட விட்டே போறேன். மந்தின் பக்கம் எங்கண்ணன் மண்டோரா இருக்கு, ஆளுங்கள வேல வாங்கறது. அண்ணன விட்டா அங்க இவங்கப்பாவ ஒருத்தருக்கும் தெரியாது."

தவுக்கே தலையசைத்தார். அது சம்மதம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? என் உடம்பின் மேல் என் முகத்தையே வைத்துக்கொண்டேன். அதன்மேல் பென்சிலும் பிரஷும். ஒவ்வொரு ஞாயிறும் அவள் வருவாள். குழந்தை தரையில் தவழும். அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். நான் திருத்துவேன்.

"மூக்கு இவ்ளோ திமிரா இருக்காதுங்க அவருக்கு."

"என் மூக்கு அப்படித்தான்."

"ஒங்க மூக்கு எனக்கு எதுக்குண்ணே? எறக்குங்க."

இறக்கினேன். நெற்றியைக் குறுக்கினேன். தாடையைக் கரைத்தேன். என் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாளைவிட்டுப் போவதை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு யாரோ அதற்குள் இடம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"கண்ணு இன்னும் கொஞ்சம் தூங்கற மாதிரி. விடியறதுக்குள்ள பால் வெட்டப் போற ஆளுல்ல."

"வாய்?"

அவள் யோசித்தாள். வெளியே பஸ் ஒன்று போய், தூசி அடங்கும்வரை யோசித்தாள். "சிரிக்கறதுக்கு முன்னாடி ஒரு மாதிரி இருப்பாரு."

"எந்த மாதிரி?"

"சிரிக்கப்போறோம்னு அவருக்கே தெரியாத மாதிரி."

பிரஷின் ஒரு மயிர் நுனியால் உதட்டோரத்தில் ஒரு நிழல் வைத்தேன். அவள் கண்ணைத் திறந்தாள். அதன்பிறகு ஒன்றும் சொல்லவில்லை. எனக்கோ கன்னத்தில் இன்னும் கொஞ்சம் வேலை இருந்தது. பிரஷைத் தோய்த்தேன். தவுக்கே வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"போதும், வை."

"கன்னம் சரியா வரல, தவுக்கே."

"அவ பேச்ச நிறுத்திட்டா. இதுக்கு மேல தொட்டா அது ஒன் படம்."

அவள் அதைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு போனாள். நான் செய்ததிலேயே உயர்ந்த வேலை அது. அதற்குச் சாட்சி மூன்று பேர். அதில் ஒருத்தி தவழும் குழந்தை.

வருசங்கள் ரப்பர் இலை உதிர்வது போல் உதிர்ந்தன. தவுக்கே போய்ச் சேர்ந்தார். கடை என் கைக்கு வந்தது. மோட்டார் சைக்கிள் வாங்கினேன், அப்புறம் வேன், அப்புறம் மாடி. கல்யாணம் என்றால் என்னைக் கேட்டுத் தேதி வைத்த குடும்பங்கள் உண்டு. என் கை ஒரு படத்திலும் ஆடியதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு பெண் கடைக்கு வந்து, "மாமா, நான் அஞ்சலை மக தேவகி" என்றாள். தரையில் தவழ்ந்த குழந்தை. சுங்கை காடுட் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. என்னைக் கையோடு அழைத்துக்கொண்டு சிரம்பானில் இணையக் கடை ஒன்றுக்குப் போனாள்.

திரையில் வரி வரியாக மேலிருந்து கீழே ஒரு படம் இறங்கியது. முதலில் முடி, அப்புறம் அந்தத் தூங்கும் கண்கள், அப்புறம் உதடு, அப்புறம் என் கோட்டு, கடைசியில் என் விரல். இருட்டறைத் தட்டு ஞாபகத்துக்கு வந்தது. அதே ஆள் மறுபடி தண்ணீரிலிருந்து எழுந்து வந்தார்.

"அப்பாவோட குடும்ப வரலாறு எழுதறேன் மாமா. அவர் எந்தக் கப்பல்ல வந்தவங்க வழி, யாரோட வேல செஞ்சாரு, எல்லாம். ஒலகத்துல எங்கேருந்து வேணும்னாலும் பாக்கலாம்."

"கீழ இங்கிலீசுல என்னமோ எழுதியிருக்கே?"

"படம் எங்க குடும்பத்துக்குச் சொந்தம், கேக்காம யாரும் எடுக்கக் கூடாதுன்னு போட்டிருக்கேன்."

எனக்குச் சுருக்கென்றது. "செஞ்சவன் பேரு எங்க?"

அவள் சிரித்துவிட்டாள். "ஐயோ, போட்டுர்றேன் மாமா. அது இருக்கட்டும், அப்பா எப்படிப் பேசுவாரு? நீங்க பாத்துப் பழகியிருப்பீங்கல்ல."

"அம்மாவக் கேளு" என்று சொல்லி, காப்பி குடிக்கக் கூப்பிட்டேன். காப்பிக்கடையிலும் என் பெயரை எந்த அளவில் போட வேண்டும் என்றுதான் பேசிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரமே அவளிடமிருந்து போன். குரல் உடைந்திருந்தது. "மாமா, ஒடனே மந்தினுக்கு வாங்க. அப்பா கையப் பத்திக் கேக்கறாங்க."

போனேன். அஞ்சலை வீட்டுக் கூடத்தில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அண்ணன் முத்து லோரி ஓட்டுபவன். மடியில் ஒரு பிரேம் வைத்திருந்தான். அது அவன் அப்பாவின் படம், சுங்கை காடுட் பக்கத்து எஸ்டேட்டில் இருந்தபோது எங்கள் கடையில் செய்தது. சுவரில் அஞ்சலை புருசன். இரண்டு பேருக்கும் ஒரே கோட்டு, ஒரே நாற்காலி, ஒரே கை.

தேவகி பெருமையாக இணையப் பக்கத்தை மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டியிருக்கிறாள். முத்து விரலைப் பார்த்துவிட்டான்.

"மொகம் கொஞ்சம் வேறயாத்தான் இருக்கு" என்றான் முத்து. "வயசு மாறுனா மொகம் மாறும். வெரல் மாறுமா? எங்கப்பா சாகறப்ப நான் சின்னப் பையன், அவரு கைய இந்தப் படத்துலதான் பாத்திருக்கேன். எங்கப்பா காண்ட்ராக்ட் வேலைக்குன்னு போனா மாசக்கணக்குல வீட்டுக்கு வர மாட்டாரு. அந்த வெள்ளம் வந்த வருசம்தான் திரும்பி வந்தாரு, அப்புறம் எங்கயும் போகல. இங்க சட்டைய மட்டும் ஆத்துல விட்டுட்டு எங்க வீட்டுக்கு வந்துட்டாரு போல. அப்படின்னா இந்தப் பொண்ணும் என் தம்பியும் ஒரே அப்பன் புள்ளைங்க. அண்ணன் தங்கச்சிக்கா தாலி கட்டச் சொல்றீங்க?"

"எங்கப்பா அப்படிப்பட்டவரு இல்ல!" என்று தேவகி கத்தினாள்.

"அத ஒங்கம்மா சொல்லட்டும்லா. வந்ததுலேருந்து வாயே தொறக்கல."

அஞ்சலை சுவரோரம் நின்றிருந்தாள். அந்த விரல் தன் புருசனுடையது இல்லை என்று என்னைத் தவிர அந்தக் கூடத்தில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். சொன்னால் அடுத்த கேள்வி வரும். அதற்கடுத்ததும் வரும். கடைசியில் மகள் சுவரைப் பார்த்து, அப்போ இது யாரு என்று கேட்பாள். அவள் வாயைத் திறக்காததைக் குற்றம் என்று மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

பிள்ளைகளே, இந்த மாதிரி நேரத்தில்தான் தொழில் தெரிகிறது. நான் பேசாமல் இருந்தால் கல்யாணம் போய்விடும், செத்தவன் மேலும் ஒரு பழி விழும். எல்லாவற்றையும் சொன்னால் ஒரு பெண்ணுக்கு அப்பா முகமே இல்லாமல் போய்விடும். வாசலில் செருப்பைக் கழற்றும் நேரம்தான் எனக்கு யோசிக்கக் கிடைத்தது. ஜன்னல் வெளிச்சம் இரண்டு படக் கண்ணாடிகளிலும் விழுந்து, இரண்டு பேரும் என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. என்னப்பா, நீதானே என்று கேட்பதுபோல் இருந்தது.

முத்துவுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தேன். இடது கையை முழங்காலில் நீட்டி வைத்தேன்.

முத்து பிரேமைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். குனிந்து என் விரலைத் தொட்டே பார்த்தான்.

"டேய்!" என்று ஒரு பெரியவர் அவனை அதட்டினார்.

"நான்தான் தம்பி. ஒங்க வீட்டுல நான்தான், இங்கயும் நான்தான். நீலாயில ஒரு வீட்டுல ரெண்டு தடவ உக்காந்திருக்கேன், அப்பன் மகன் ரெண்டு பேருக்கும். தவுக்கே கோட்டு. அந்த நாற்காலி இன்னும் எங்கடையில இருக்கு, வந்து பாரு."

"அப்போ இத்தன வருசமா பொங்கலுக்குப் பொங்கல் நான் ஒங்க காலயா கும்பிட்டேன்?"

"கால் வராது. முழங்கால் வரைக்கும்தான்."

யாரோ ஒரு கிழவி முதலில் சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். முத்து சிரிக்கச் சற்று நேரம் பிடித்தது. அவன் தன் அப்பாவின் பிரேமைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையை நிமிர்த்திக் கேட்டான்.

"ஒடம்பு ஒங்களுது. சரி. மொகம்?"

அஞ்சலை நிற்கும் பக்கம் நான் திரும்பவே இல்லை.

"மொகம் அந்தந்த வீட்டுல குடுத்ததுதான்" என்றேன்.

"ஆமாலா, ஐ.சி. படம்" என்று அவனே முடித்துக்கொண்டான். "எங்கம்மா கார்ட எடுத்துட்டு ஒங்க கடைக்கு ஓடுனது எனக்கே ஞாபகம் இருக்கு."

நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. கேள்வி எங்கே நின்றதோ அங்கே நானும் நின்றுவிட்டேன். இது எனக்கு இலேசான காரியம் இல்லை. நான் பேச ஆரம்பித்தால் நிறுத்துகிறவன் இல்லை என்று உங்களுக்கே தெரியும்.

டீ வந்தது. தேவகி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சந்தோசத்தில் எல்லாவற்றையும் கொட்டினாள். "மாமா, இன்னொன்னு தெரியுமா? பக்கத்தைப் பாத்துட்டுப் போர்ட்டிக்சன்லேருந்து ஒருத்தர் எழுதியிருக்காரு. அவங்கப்பா பழைய எஸ்டேட்ல எங்கப்பாகூடச் சேந்து பால் வெட்டுனவராம். அந்தப் பெரியவரு படத்த இன்னும் பாக்கலயாம். பெருசா அனுப்பச் சொல்றாரு, அப்பாகிட்ட காட்டறதுக்கு."

அஞ்சலை டம்ளரைத் தட்டில் வைத்தாள். தண்ணீர் எடுப்பது போல் பின்பக்கம் போனாள். கை கழுவுவது போல் நானும் போனேன். பப்பாளி மரத்தடியில் நின்றிருந்தாள். கொடியில் சேலை ஒன்று காற்றில் நிரம்பி வடிந்துகொண்டிருந்தது.

"அண்ணே, அத எத்தன பேரு பாப்பாங்க?"

"யாரு வேணும்னாலும் பாக்கலாமாம்."

"அவரப் பாத்துப் பழகுன ஆளு ஒருத்தரு போதும்ணே. இது அவரு இல்லன்னு ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிச்சி." முகத்தைத் துடைத்தாள். "இவகிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். அவ மொதமொத அப்பான்னு கூப்பிட்டதே அந்தப் படத்தத்தான். அப்புறம் எப்படிச் சொல்றது? இன்னொன்னும் சொல்றேன், சிரிக்காதீங்க. எனக்கே இப்ப அவரு நெச மொகம் வரமாட்டேங்குது. நெனச்சா நீங்க வரைஞ்சதுதான் வருது."

நான் சிரிக்கவில்லை. ரப்பர்க் காட்டுப் பக்கமிருந்து விதை வெடிக்கும் சத்தம் டப் டப்பென்று கேட்டது. யாரு பாக்கப் போறாங்க என்று தவுக்கே கேட்டது காதுக்குள் வந்தது. நானும் இவளும் என்று இவள் சொன்ன பதிலும் வந்தது. அந்தப் படத்துக்கு அவ்வளவுதான் அனுமதி. அதை வேறு யாருக்கும் செய்யவில்லை.

கூடத்துக்குத் திரும்பினேன். "தேவகி, அந்தப் படத்தக் கம்ப்யூட்டர்லேருந்து எடுத்துரும்மா. போர்ட்டிக்சனுக்கும் அனுப்பாத."

"ஏன் மாமா?"

"என் படம். நான் அனுமதி குடுக்கல."

அவள் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தாள். "பேரு போடலன்னு கோவமா? இன்னிக்கே போட்டுர்றேன். பெருசாப் போடறேன், எங்கப்பா பேருக்கு மேலயே போடறேன்."

உலகம் முழுக்க என் பெயர். ஒரு காப்பிக்கடை மேசையில் அதற்காகத்தான் சண்டை போட்டேன். "வேணாம்" என்றேன். "நீ வரலாறு எழுது. பேரு எழுது, ஊரு எழுது, கூட வேல செஞ்சவங்க சொல்றத எழுது. அதெல்லாம் ஒனக்குச் சொந்தம். படம் என் கைவேல. அது செவுத்துல இருக்கட்டும், கம்பியில போக வேணாம்."

"எங்கப்பா படத்துக்கு நான் ஒங்ககிட்ட அனுமதி கேக்கணுமா?"

"ஆமா."

அவள் பார்த்த பார்வை இன்னும் என் மேல் இருக்கிறது. "இவ்ளோ அல்பமா இருப்பீங்கன்னு நெனக்கல" என்றாள். முத்து கூட, "விடுங்கண்ணே, ஒரு படந்தானே" என்றான். அஞ்சலை மட்டும் என் டம்ளரில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினாள். ஊரில் ஒரு பெரிய மனிதன் அல்பன் என்று பெயர் வாங்கிக்கொண்டு வேனில் ஏறினான். உரிமை என்றால் என் பெயரைத் தூக்கிப் பிடிக்க ஒரு கொம்பு என்றுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தேன். அதை ஒரு திரையாக இழுத்துவிடவும் முடியும் என்று அன்றைக்குத் தெரிந்தது. சில நேரம் இழுத்து மூடும் கை அசிங்கமாகத்தான் தெரியும். தெரியட்டும்.

தேவகி படத்தை எடுத்துவிட்டாள். போர்ட்டிக்சன் பெரியவரைப் போய்ப் பார்த்து, அவர் சொன்னதைப் படம் இருந்த இடத்தில் எழுதினாள். கல்யாணத்தன்று அஞ்சலைதான் எனக்கு அதைச் சொன்னாள். அவர் சொன்னாராம்: "அவன் சிரிக்கப்போறது எங்க எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிஞ்சிரும். அவனுக்குத்தான் தெரியாது." சொல்லிவிட்டு அஞ்சலை என்னைப் பார்த்தாள். நான் லென்ஸைத் துடைத்தேன்.

கல்யாணத்துக்கு என்னைத்தான் கூப்பிட வேண்டும் என்று அஞ்சலை பிடிவாதம் பிடித்தாள். தேவகி என்னோடு பேசவில்லை. "இந்தப் பக்கம் பாரும்மா" என்றால் கேமராவைப் பார்ப்பாள், என்னைப் பார்க்க மாட்டாள்.

தாலி கட்டி முடிந்தது. மேடையோரம் ஒரு மேசை, அதன்மேல் இரண்டு பிரேம்கள், இரண்டுக்கும் மாலை. ஒரு பக்கம் மாப்பிள்ளையின் அப்பா, ஒரு பக்கம் பெண்ணின் அப்பா. சாம்பிராணிப் புகை எழுந்து கண்ணாடிகளை மூடியது. புகைக்குள் முகங்கள் கரைந்து, தோளும் கோட்டும் முழங்காலில் நீட்டிய அந்தக் கையும் மட்டும் தெரிந்தன. இரண்டு நாற்காலிகளிலும் நான் இளமையாக உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது நான், முடி நரைத்து, கேமராவுக்குப் பின்னால் நின்றேன்.

"அப்பாங்க ரெண்டு பேருகிட்டயும் ஆசீர்வாதம் வாங்கிக்குங்க" என்று ஐயர் சொன்னார்.

இரண்டு பேரும் விழுந்து கும்பிட்டார்கள். பட்டன்மேல் என் வலது கை இருந்தது. இடது கை லென்ஸைத் தாங்கியிருந்தது. அது லென்ஸை விட்டுவிட்டுத் தானாக எழுந்தது. யாரும் பார்க்காத உயரத்துக்கு, அந்தப் பெண்ணின் தலைக்கு நேராக, சுண்டுவிரல் வெளியே நீட்டிக்கொண்டு எழுந்தது. அந்த நேரம் பட்டன் அழுந்திவிட்டது.

என் ஆயுசில் ஆடிப்போன ஒரே படம் அது. புகையும் பட்டுச்சேலையின் சிவப்பும் கலங்கிக் கிடக்கும். யார் எங்கே என்று தெரியாது. ஆல்பத்தில் வைக்கவில்லை. தேவகி கேட்கவும் இல்லை, நான் காட்டவும் இல்லை. மேல்மாடியில் தவுக்கேயின் நாற்காலிக்கு எதிரே மாட்டியிருக்கிறேன். துடைக்கும்போது நீங்களும் பார்த்திருப்பீர்கள், கெட்டுப்போன படத்தைக் கிழவன் ஏன் மாட்டிவைத்திருக்கிறான் என்று கேட்டிருப்பீர்கள்.

அதை ஸ்கேன் பண்ணாதீர்கள். அந்த ஒரு படம் எனக்குச் சொந்தம்.